கத்தரி முள், தோல் டிரம், ஊதா மூடிக் குழாய்: மரபியல் பற்றி வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை எடுத்து வைப்பவர்கள், டேனரியில் வேலை பார்ப்பவர்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள், பிளஸ் டூ பிள்ளைகள். இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. பாடப்புத்தக வரிசை இருக்காது.

மெண்டலுக்கு முன்னால் மரபு பற்றி யாருக்குமே தெரியாதா?

நல்ல காயை விதைக்கு விடுவதும், நல்ல கிடாவைப் பொலிக்கு நிறுத்துவதும் எழுத்து தோன்றும் முன்பே இருந்த பழக்கம். தெரியாமல் இருந்தது கணக்கு. டிக்காஷனும் பாலும் கலப்பதுபோலத் தாய் தகப்பன் பண்புகள் கலந்துவிடுகின்றன என்றே படித்தவர்களும் நம்பினார்கள். அப்படிக் கலந்தால் பாட்டியின் பூனைக்கண் பேத்திக்கு அப்படியே திரும்ப வருவது எப்படி என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

கிரிகோர் மெண்டல், இன்று செக் நாட்டில் பிர்னோ என்று அழைக்கப்படும் ஊரின் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளைப் பார்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கவிட்டால் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று. காணாமல்போன சுருக்கம் துளியும் நீர்த்துப்போகாமல் திரும்பி வந்தது. ஆகவே அங்கே நடப்பது கலப்பது இல்லை, ஒளிந்திருப்பது. வெளியே தெரிவதை ஓங்கு பண்பு என்றும் ஒளிந்திருப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கிறோம்.

அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சிலர் எழுதுவார்கள். 34 பட்டாணி ரகங்களை வாங்கி, இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்து, தலைமுறை மாறாமல் ஒரே மாதிரி வந்த 22 ரகங்களை மட்டும் வைத்துக்கொண்டவர் அவர். அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 1866ல் அச்சான கட்டுரையை 1900 வரை கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. ‘ஜெனெடிக்ஸ்’ என்ற சொல்லை வில்லியம் பேட்சன் 1905லும், ‘ஜீன்’ (மரபணு) என்ற சொல்லை வில்ஹெல்ம் யோஹான்சன் 1909லும் தந்தார்கள்.

சரி, அந்தப் பட்டாணி ஏன்தான் சுருங்குகிறது?

இதற்குப் பதில் கிடைக்க 1990 ஆனது. மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள வேற்றுத் துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நொதி கெட்டுவிட்டது. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கும், அதனால் பச்சையாக இருக்கும்போது விதை உப்பிப் பெரிதாகிறது. காயும்போது தண்ணீர் வடிந்து தோல் மட்டும் தொளதொளத்துச் சுருங்குகிறது. இந்த வகைப் பச்சைப் பட்டாணி இனிப்பதற்கும் இதுவே காரணம். ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதுமான நொதி கிடைத்துவிடுவதால்தான் உருண்டை ‘ஓங்குகிறது’. ஓங்கு பண்பு என்றால் வலுவானது, நல்லது என்று பொருள் இல்லை.

இலவம்பாடி முள் கத்தரியை வைத்து இதை வீட்டுத் தோட்டத்தில் செய்து பார்க்கலாமா?

பட்டாணியைவிட நம் வெயிலுக்கு இதுதான் பொருத்தம். காம்பிலும் இலை நரம்பிலும் முள் நிற்பதும் நிற்காததும் தூரத்திலிருந்தே தெரியும். காட்டுக் கத்தரி இனங்களுக்கு முள் உண்டு. சைட்டோகைனின் என்ற ஊக்கி உருவாகக் காரணமான ஒரு மரபணு கெட்டதால்தான் பல நாட்டுக் கத்தரிகள் முள்ளை இழந்தன என்று 2024ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே முள் ஓங்கு, முள்ளில்லாமை ஒடுங்கு. கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: கூர்மையான சாமணம், வெண்ணெய்த்தாள் பை, நூல், அட்டைச் சீட்டு.

முள்ளில்லாத செடியைத் தாயாக வையுங்கள். இது முக்கியம். தாய்ப் பூ தன் மகரந்தத்தையே வாங்கிக்கொண்டிருந்தால் அந்த நாற்று முள்ளில்லாமல் வரும், திருட்டு உடனே பிடிபடும். முள் செடியைத் தாயாக்கினால் நல்லதும் கெட்டதும் முள்ளோடேதான் நிற்கும், உங்களுக்குத் தெரியாது. தாய்ச் செடி ஹைபிரிட் பாக்கெட் விதையாக இருக்கக் கூடாது.

மாலை நாலு மணிக்கு மேல், ஊதா நிறம் வெளியே தெரிகிற, ஆனால் இன்னும் விரியாத மொட்டாகப் பாருங்கள். இதழை மெல்லப் பிரித்தால் நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாக நிற்கும். சூல்தண்டின் நுனி அந்தக் கூம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பூவை மட்டும் எடுங்கள். கத்தரியில் குட்டைச் சூல்தண்டுப் பூக்களும் உண்டு, அவை காய் பிடிக்காது. இது தெரியாமல் பத்துப் பூவைக் கெடுத்துவிட்டு ‘நமக்குக் கை ராசி இல்லை’ என்பவர்கள் நிறைய. மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் அடியோடு கிள்ளி எடுத்து, பையை மாட்டிக் கட்டிவிடுங்கள்.

மறுநாள் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், முள் செடியில் அன்று விரிந்த பூவைக் கொண்டுவந்து கட்டைவிரல் நகத்தின் மேல் தட்டினால் மகரந்தம் மாவுபோல உதிரும். அதைச் சூல்முடியில் தொட்டு வைத்து, மறுபடி பையை மாட்டி, தேதியும் தாய் தந்தை பெயரும் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். பால்பாயிண்ட் பேனா மழையில் கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். நாலைந்து நாளில் பையைக் கழற்றலாம். காய் மஞ்சளாகப் பழுக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதற்கு முன் பறித்தால் விதை முளைக்காது.

முதல் தலைமுறை நாற்றுகள் எல்லாம் முள்ளோடு வரும். அவற்றின் மொட்டுகளுக்குப் பை மாட்டித் தானாகக் காய்க்கவிட்டு, அந்த விதையிலிருந்து 40 செடி வளருங்கள். முள்ளில்லாதவை பத்து வர வேண்டும். ஆறு வந்தாலும் பதினான்கு வந்தாலும் மெண்டல் தோற்றுவிடவில்லை, இந்த எண்ணிக்கைக்கு அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. நாலே செடி வைத்துவிட்டு ‘மூன்றுக்கு ஒன்று வரவில்லையே’ என்று கேட்காதீர்கள். நாலு செடியில் முள்ளில்லாதது ஒன்றுகூட வராமல்போக 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்றாவது வரும் என்று 99 சதவீதம் நம்ப 17 செடி வேண்டும். நாற்றுப் பருவத்திலேயே எண்ண வேண்டாம், சில செடிகளில் முள் தாமதமாகத்தான் தெரியும். முள்ளின் எண்ணிக்கையும் நீளமும் செடிக்குச் செடி மாறும், அதில் வேறு மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதை மட்டும் எண்ணுங்கள்.

ஹைபிரிட் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் என்ன ஆகும்?

முளைக்கும், காய்க்கும், ஆனால் பத்துச் செடி பத்து மாதிரி இருக்கும். பாக்கெட்டில் இருப்பது மேலே சொன்ன முதல் தலைமுறை. அதன் பிள்ளைகளில் ஒளிந்திருந்ததெல்லாம் பிரிந்து வெளியே வரும். இதில் கம்பெனியின் சூழ்ச்சி எதுவும் இல்லை, பட்டாணியில் நடந்த அதே பிரிவுதான். நாட்டு ரகத்துக்கு விதை எடுப்பதென்றால் வேறு கத்தரி 200 மீட்டருக்குள் இல்லாதபடி பாருங்கள், வண்டு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். ஒரே செடியில் எடுக்காமல் இருபது செடிகளிலாவது எடுங்கள்.

டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முறுக்கு வடிவம் தெரியாது, திரளாகத் தெரியும். 1869ல் பிரெடரிக் மீஷர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியிலிருந்த சீழிலிருந்து இதைத்தான் முதலில் பிரித்தார். மரபுச் செய்தி புரதத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்று ஏவரி குழு 1944ல் காட்டியது. ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களின் துணையோடு வாட்சனும் கிரிக்கும் 1953ல் இரட்டைச் சுருளை வரைந்தார்கள். எழுத்துக்களைப் படிக்கும் அகராதியைக் கண்டுபிடித்ததற்காக 1968ல் நோபல் பெற்ற மூவரில் ஹர் கோவிந்த் குரானா ஒருவர், பஞ்சாப் கிராமத்தில் பிறந்தவர்.

வகுப்பில் செய்ய: பழுத்த வாழைப்பழம் பாதியை ஜிப் பையில் போட்டுக் கையால் பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம், இழைகள் துண்டாகிவிடும். 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் இரண்டு டீஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் திரவமும் நுரைக்காமல் கலந்து, அதைப் பழத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உப்பு டி.என்.ஏ. இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேர விடுகிறது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிய நீரைக் கண்ணாடி டம்ளரில் கால் பாகம் எடுத்து, அதே அளவு குளிர்ந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுவரோரமாக வழியவிடுங்கள். இரண்டும் கலக்கக் கூடாது. எல்லையில் வெள்ளையாகச் சளிபோல மேலே எழும்புவதை விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

எதுவும் வரவில்லையா? மே மாதத்து வேலூர் அறையில் ஆல்கஹால் வெதுவெதுப்பாக இருந்திருக்கும். புட்டியை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். வீட்டு ஃபிரீசருக்குள் வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும் வகை. சானிடைசர் ஜெல் இதற்கு உதவாது. வருவதில் பழத்தின் கூழ்ப்பொருளான பெக்டினும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

உயிரித் தொழில்நுட்பம் என்றால் இட்லி மாவும் அதில் சேர்த்தியா?

சேர்த்திதான். ‘பயோடெக்னாலஜி’ என்ற சொல்லை 1919ல் உருவாக்கிய ஹங்கேரியர் கார்ல் எரெக்கி, உயிர்களைக் கொண்டு மூலப்பொருளைப் பண்டமாக மாற்றுவதையே அப்படிச் சொன்னார். உளுந்து மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனோஸ்டாக் பாக்டீரியாவும் அந்தக் கணக்கில் வரும்.

ஆனால் இந்தப் பக்கத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் டிரம். சுண்ணாம்பில் ஊறிய தோல் விறைத்திருக்கும். அதன் நார்களுக்கு இடையே சிக்கியிருக்கும் தேவையற்ற புரதத்தை எடுத்தால்தான் மேல்தோல் பட்டுப்போலாகும். ஐரோப்பாவில் பழைய நாளில் அதற்கு நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்துத் தோலை ஊறவைத்தார்கள். அதில் வேலை செய்வது ஜீரண நொதிதான் என்று புரிந்துகொண்ட ஓட்டோ ரோம் 1907 வாக்கில் கணைய நொதியைப் பொடியாக விற்கத் தொடங்கினார். இன்றைய ‘பேட்டிங்’ அதன் வாரிசு. இப்போது அந்த நொதிகளில் பல பாக்டீரியாக்களை வளர்த்து எடுக்கப்படுபவை.

சுண்ணாம்பை நீக்கியபின் பி.எச். 8 முதல் 8.5, வெப்பம் 35 முதல் 37 டிகிரி, பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அளவு, நொதிப் பொடியின் வீரியத்தைப் பொறுத்தது, டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால் நொதி சோம்பும், தோல் முரடாகவே நிற்கும். 45ஐத் தாண்டினால் தோலே கெடும். முடிந்ததா என்று பார்க்க மேஸ்திரிகள் கட்டைவிரலால் அழுத்துவார்கள். ரேகை பதிந்து அப்படியே நின்றால் போதும், டிரம்மை நிறுத்திக் கழுவலாம். ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’ என்று விட்டால் நொதி நல்ல நாரையும் தின்று மேல்தோல் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சாயமும் அதைக் காப்பாற்றாது.

மரபணுவை வெட்டி ஒட்டுவது எப்போது தொடங்கியது? இன்சுலின் அப்படித்தான் வருகிறதா?

1973ல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஒரு பாக்டீரியாவின் வளைய டி.என்.ஏ.வை வெட்டி, வேற்றுத் துண்டை ஒட்டி, உள்ளே செலுத்திப் பெருக்கினார்கள். ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதி கத்திரி, லிகேஸ் என்ற நொதி பசை. 1978ல் மனித இன்சுலினின் 21 அமினோ அமிலக் கண்ணிச் சங்கிலியையும் 30 கண்ணிச் சங்கிலியையும் தனித்தனி ஈ-கோலை பாக்டீரியாவில் வளர்த்துச் சேர்த்தார்கள். 1982ல் அது மருந்துக்கடைக்கு வந்தது. அதுவரை மாடு, பன்றிக் கணையம்தான்.

இன்சுலினும் ஒரு புரதம் என்பதை மறக்காமல் இருந்தால் அதைக் கெடுக்க மாட்டோம். திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். ஃபிரீசரில் உறைந்துபோனதைத் திரும்ப உருகவைத்துப் போடாதீர்கள். பயன்படுத்தத் தொடங்கிய புட்டி பொதுவாக 28 நாள்வரை அறை வெப்பத்தில் தாங்கும் என்பார்கள், ஆனால் அந்த ‘அறை வெப்பம்’ 25 அல்லது 30 டிகிரி. நாற்பதைத் தொடும் நம் கோடைக்கு அது பொருந்தாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, அதில் புட்டியைத் தண்ணீர் படாமல் மூடி வைக்கலாம்.

மரபணுப் பரிசோதனைக்கு ஏன் சிலருக்கு ஊதா மூடிக் குழாய், சிலருக்குப் பச்சை?

ஊதா மூடியில் ஈ.டி.டி.ஏ., பச்சையில் ஹெப்பாரின். இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. டி.என்.ஏ.வை எடுத்து பி.சி.ஆர். செய்ய ஊதா. ஹெப்பாரின் கலந்தால் பி.சி.ஆர். நொதி முடங்கிவிடும். குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கப் பச்சை. அதற்கு வெள்ளை அணுக்கள் உயிரோடு இருந்து ஆய்வகத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருக வேண்டும். பச்சைக் குழாயை ஐஸ் மேல் நேரடியாக வைத்து பஸ்ஸில் அனுப்பினால் செல் செத்து, ‘வளரவில்லை, மறுபடி ரத்தம் அனுப்பவும்’ என்று சீட்டு வரும்.

பி.சி.ஆர். என்பது 1983ல் கேரி முல்லிஸ் கண்ட நகலெடுப்பு. 94 டிகிரியில் இழை பிரியும், 55 வாக்கில் தொடக்கத் துண்டுகள் ஒட்டும், 72ல் நொதி புது இழையைக் கட்டும். கொதிநீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதி என்பதால் சூட்டில் சாகாது. 30 சுற்று முடிந்தால் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். அவ்வளவு பெருக்குவதால்தான் பக்கத்து மாதிரியின் ஒரு துளியும் ஆபத்து. நல்ல ஆய்வகம் ஒவ்வொரு முறையும் மாதிரி சேர்க்காத வெறுங்குழாய் ஒன்றையும் ஓட்டும். அதில் ஏதாவது தெரிந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பை.

அக்கா மகளை, மாமன் மகளைக் கட்டினால் பிள்ளைக்குக் குறை வருமா?

‘வரும்’, ‘வராது’ இரண்டுமே தப்பான பதில். கணக்கைப் பாருங்கள். நூறு பிரதிக்கு ஒன்று கெட்டிருக்கும் ஒடுங்கு மரபணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொந்தமில்லாத தம்பதிக்கு அந்த நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 10,000ல் 1. மாமன் மகள், அத்தை மகன் என்றால் ஏறத்தாழ 7. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 13. பல மடங்குதான், ஆனாலும் 10,000ல் 13. இது ஒரு மரபணுவுக்கான கணக்கு. அப்படிப் பல மரபணுக்கள் இருப்பதால் மொத்த ஆபத்து கூடும். நோய் எவ்வளவு அரிதோ அந்த அளவு சொந்தத்தில் மடங்கு ஏறும்.

வேலூர் சி.எம்.சி.யின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1970களில் வட ஆற்காட்டிலேயே ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்து எழுதினார்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டியதால் கருச்சிதைவோ எடைக் குறைவோ பெரிதாகக் கூடியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்தில் கட்டியதால் கெட்ட மரபணுக்கள் களையப்பட்டிருக்கலாம் என்ற விளக்கம் அங்கிருந்து வந்தது. அதை ‘ஆபத்தே இல்லை’ என்று படிக்கக் கூடாது. அரிய நோய்கள் அந்த மாதிரிச் சராசரியில் தெரியாது. பிறவிக் காது கேளாமையும் சில வளர்சிதை நோய்களும் இன்றும் இப்படிப்பட்ட குடும்பங்களில்தான் அதிகம் தென்படுகின்றன.

செய்ய வேண்டியது: குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, காரணம் தெரியாத குழந்தை மரணம் இருந்தால் மூன்று தலைமுறைக்கு வம்சப் படம் வரைந்துகொண்டு மரபியல் ஆலோசனைக்குப் போங்கள், கல்யாணத்துக்கு முன்பே. தலசீமியா கடத்தியா (நோய் இல்லாமல் கெட்ட பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவரா) என்று பார்க்க எச்.பி. ஏ2 என்ற ரத்தச் சோதனை. 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் கடத்தி. இரும்புச்சத்துக் குறைவு இந்த எண்ணைக் கீழே இழுத்து ஏமாற்றும், ஆகவே அதையும் சேர்த்துப் பாருங்கள். இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்பது மிகவும் பரவலான, மிகவும் கொடுமையான தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

சந்தையில் வரும் கத்தரி பி.டி. கத்தரியா?

இல்லை. பி.டி. என்பது புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும் ஒரு மண் பாக்டீரியா, அதன் மரபணுவைச் சேர்த்த செடிதான் பி.டி. செடி. தண்டு, காய்ப்புழுவுக்கு எதிரான பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு சம்மதித்தாலும், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013ல் அனுமதித்துப் பயிரிடுகிறது. இந்தியாவில் சட்டப்படி விளைவது 2002ல் வந்த பி.டி. பருத்தி. அந்தப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, அங்குள்ள ஏற்பியில் (அது பொருந்தி உட்காரும் இடத்தில்) ஒட்டித் துளை போடுகிறது. நம் வயிறு அமிலம், அந்த ஏற்பியும் நமக்கு இல்லை. பருத்தியில் பார்த்த உண்மையான சிக்கல் வேறு: இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. ஓரத்தில் பி.டி. அல்லாத பருத்தியை நடச் சொல்லித் தனிப் பாக்கெட் தந்ததைப் பலர் நடாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

வேலூரில் ஹீமோஃபிலியாவுக்கு மரபணுச் சிகிச்சை செய்ததாகப் படித்தோம். குணமாகிவிடுமா?

சி.எம்.சி. வளாகத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் குழு, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா ஏ கடுமையாக உள்ள 5 பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து, நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய லென்டி வைரஸ் மூலம் உறைதல் காரணி 8க்கான மரபணுவை ஆய்வகத்தில் ஏற்றி, எலும்பு மஜ்ஜையில் இடம் ஒதுக்க மருந்து கொடுத்தபின் திரும்பச் செலுத்துகிறார்கள். அதற்குப் பிறகு கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. அந்த மஜ்ஜை மருந்து லேசானது அல்ல. சில வாரம் ரத்த அணுக்கள் சரிந்து, தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஐந்து பேர் என்பது தொடக்கம்தான், இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இன்னொன்றையும் அடிக்கடி கேட்கிறார்கள்: சிகிச்சை பெற்றவரின் பிள்ளைகளுக்கு நோய் வராதா? மாற்றப்பட்டது ரத்தம் உண்டாக்கும் செல்கள் மட்டும், காரணி 8 மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில், விந்தணுவில் அந்தப் பழைய எக்ஸே இருக்கிறது. மகன்களுக்கு அப்பாவிடமிருந்து ஒய் போவதால் அவர் வழியாக நோய் வராது. மகள்கள் எல்லாருமே கடத்திகள், சிகிச்சைக்கு முன்பும் பின்பும். பெண்ணுக்கு வயது வரும்போது காரணி 8 அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கடத்திகளில் சிலருக்கு அது குறைவாக இருந்து மாதவிடாயிலும் பல் பிடுங்கும்போதும் ரத்தம் நிற்கத் தாமதமாகும்.